ஒன்பது நாள் நான் சொல்லாமல் இருந்தது

என் கணவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். பட்டம் இல்லாமல் இனி பதவி உயர்வு கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மதுரையில் ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்து, அவரிடம் பகுதி நேர மாணவராகச் சேர்ந்தார்.

எனக்கும் இயற்பியல்தான். எம்.எஸ்ஸி.யில் நாங்கள் ஒரே வகுப்பு. நான் முதல் மாணவி, அவர் நான்காவதோ ஐந்தாவதோ. இதை எழுதாமல் விட்டால் நான் சொல்லப் போகும் எதுவும் புரியாது. என் நோட்டை வாங்கித்தான் அவர் பரீட்சைக்குப் படித்தார். வகுப்பில் ஆசிரியர் எழுப்பிக் கேள்வி கேட்டால் அவர் பதில் தேடுவது கரும்பலகையில் அல்ல, பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருந்த என் முகத்தில். நான் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவர் அதை உரக்கச் சொல்லி உட்காருவார்.

படிப்பு முடிந்ததும் எனக்கு வடக்கே ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்தது. மதுரை ஸ்டேஷன்வரை அப்பா பெட்டி தூக்கிக்கொண்டு வந்தார். ரயில் வந்து நின்றது. வயிறு வலிக்கிறது, தாங்க முடியவில்லை என்று சொல்லி நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ரயில் போய்விட்டது. எனக்கு வயிற்றுவலி இல்லை. பயம். தெரியாத ஊர், தெரியாத பாஷை, அங்கே நான் முதல் மாணவியாக இருக்க மாட்டேன் என்ற பயம். யாரும் என்னைப் போகாதே என்று தடுக்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது. பழி போட ஒரு ஆள் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. இரண்டு வீட்டாரும் ஒரே சபை, தெரிந்த குடும்பங்கள். வகுப்பில் "நீ" என்று கூப்பிட்ட ஆளை மறுநாளிலிருந்து "நீங்க" என்று கூப்பிடப் பழகினேன். பிறகு சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் டெஸ்டிங் ரூமைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள், சேர்ந்தேன். காலையில் கம்பெனி வேன் வரும். வெடியைக் கொளுத்தி, சொன்ன தூரத்தில் மீட்டரை வைத்து, சத்தம் விதிக்கு உட்பட்டு இருக்கிறதா என்று எழுத வேண்டும். மருந்துக் கலவையில் சேர்க்கக் கூடாத உப்பு எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்டால்தான் லோடு வெளியே போகும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அவர் மதுரைக்குப் போக ஆரம்பிக்கும்வரை பிடித்திருந்தது.

பேராசிரியர் அவருக்குக் கொடுத்த தலைப்பு, வெகு தொலைவில் இருக்கும் விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் காமா கதிர்கள். அந்த மண்டலங்களின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியிருப்பதெல்லாம் உள்ளே விழும்போது, வெளியே பீய்ச்சியடிக்கும் தாரை ஒன்று கிளம்புகிறது. அந்தத் தாரை நம்மை நோக்கி இருந்தால் அதிலிருந்து காமா கதிர் நமக்கு வரும். வரும் வழியில் பழைய நட்சத்திரங்கள் விட்டுப்போன மங்கலான ஒளி எங்கும் பரவியிருக்கிறது. அதில் மோதி, சக்தி மிகுந்த கதிர்கள் அழிந்துபோகும். எவ்வளவு தூரமோ அவ்வளவு இழப்பு. ஆனால் சில இடங்களிலிருந்து, வரக்கூடாத அளவுக்குக் கதிர் வருவதாகச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒரு துகள். இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆக்சியான் போன்ற துகள் என்று பெயர் மட்டும் இருக்கிறது.

முதல் மாதங்களில் அவருக்கு அது பிடிபடவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் தாள்களோடு அடுப்படி வாசலில் வந்து நிற்பார்.

"ஏப்பா, இத ஒரு நிமிசம் கேளேன். ஒளி எப்புடி வேற துகளா மாறிப் போய்ட்டு, திரும்ப ஒளியா வரும்? எனக்கு மண்டைல ஏற மாட்டேங்குது."

நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டேன். "பஸ்ல பட்டாசு கொண்டுபோக விடுவாகளா?"

"விட மாட்டாக."

"சிவகாசில இருந்து ஒருத்தன் பை நெறயப் பட்டாசோட சென்னைக்குக் கெளம்புறான். வழில ஏறுற செக்கிங்காரங்க ஒவ்வொருத்தரும் பையத் தடவிப் பாத்துக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக்கிடுறாக. சென்னைல எறங்கையில பை காலியா இருக்கணும். ஆனா நாலஞ்சு சரம் இருக்கு. எப்புடி?"

"எப்புடி?"

"பஸ் ஏறுனதும் அது பட்டாசாவே இல்ல. வேற என்னமோவா மாறிருச்சு. அது செக்கிங்காரர் கைக்குத் தட்டுப்படாது. சென்னைல எறங்கையில திரும்பப் பட்டாசாயிருச்சு. கெளம்புற எடத்துலயும் எறங்குற எடத்துலயும் காந்தப்புலம் இருக்கு, அது மாத்தி விடுது. அம்புட்டுதான்."

அவர் தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். அன்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

நாலு மாதம் கழித்து அவர் கல்லூரியில் பேசினார். ஆசிரியர்களின் குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். பாதி உரையில் சிவகாசி பஸ்ஸைச் சொன்னார், பையைச் சொன்னார், செக்கிங்காரரைச் சொன்னார். நான் சொன்ன அதே வரிசையில், நான் நிறுத்திய இடங்களில் நிறுத்தி. அரங்கம் சிரித்துக் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த ஒரு ஆசிரியரின் மனைவி, "ஒங்க வீட்டுக்காரரு எம்புட்டு அழகா வெளங்க வைக்கிறாரு" என்றார். ஆமாம் என்றேன். நானும் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு அவரிடம் எல்லாமே என் கண்ணில் பட ஆரம்பித்தது. பேராசிரியர் போன் செய்தால் சாப்பாட்டை விட்டு எழுந்து மொட்டை மாடிக்குப் போவது. "நாங்க பாத்தோம்", "நாங்க நெனக்கிறோம்" என்று பேசுவது. அந்த நாங்களில் நான் இல்லை. ஒரு வாரம் எத்தனை முறை சொல்கிறார் என்று எண்ணினேன், பிறகு எண்ணுவது அசிங்கமாக இருக்கவே விட்டுவிட்டேன். ஒன்பதாவது படித்த மகள் ஒளியியலில் சந்தேகம் என்று புத்தகத்தோடு வந்தாள். கொண்டா என்று கை நீட்டினேன். "இருக்கட்டும்மா, அப்பாட்ட கேட்டுக்கிடுறேன். அப்பா ஆராய்ச்சி பண்ணுறாகள்ல" என்று சொல்லித் தாண்டிப் போனாள். அவள் நினைத்துச் சொல்லவில்லை. நான் அன்றைக்குச் சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டேன்.

என் முகம் மாறியிருப்பதை அவருடைய அக்கா கண்டுபிடித்தார். மதுரையில் கூடப் படிக்கிற பெண்கள் யாராவது உண்டா என்று ஜாடையாக விசாரித்தார். நான் சிரித்துவிட்டேன். பெண் யாராவது இருந்திருந்தால் ஊரே எனக்காகப் பரிந்து பேசியிருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு முடிவு கிடைத்தது. மற்றவர்கள் தொலைநோக்கியில் பார்த்து வெளியிட்ட அளவுகளை வைத்து அவர் பதினோரு மண்டலங்களைக் கணக்குப் போட்டிருந்தார். பத்தில் ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் தொலைவில் இருந்த பதினோராவதில் மட்டும், இருக்க வேண்டியதைவிடக் கதிர் அதிகமாக வந்தது. துகள் இருப்பதாக வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஒத்துவந்தது. அன்று எண்ணெய் பரோட்டா வாங்கிவந்தார். மகளுக்குப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அந்த மண்டலத்தைப் பற்றிச் சொன்னார். மதுரையில் ஒரு கருத்தரங்கம் வருகிறது, வெளியூர் ஆட்கள் வருவார்கள், அதில் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் நேரே மதுரைக்குப் போனார். பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது.

"ஒரு பைல மறந்துட்டு வந்துட்டேன். கம்ப்யூட்டர்ல இருக்கு, அனுப்பி விடுறியா?"

திறந்தேன். பதினோராவது மண்டலத்தின் அட்டவணை. பக்கத்தில், அந்த எண்களை எடுத்த கட்டுரையும் திறந்தே இருந்தது. அதிலிருந்த அட்டவணையில், மேலிருந்து கீழாக எண்களை அடுக்கிய நான்கு பத்திகள். மூன்றாவது பத்தியில் இங்கே வந்து சேர்ந்த கதிரின் அளவு. நான்காவது பத்தியில், வழியில் அழிந்ததையும் கூட்டி, அங்கிருந்து புறப்பட்டபோது எவ்வளவு இருந்திருக்கும் என்ற அளவு. அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் அதைச் சொல்லியிருந்தார்கள். அவர் நான்காவது பத்தியை வந்து சேர்ந்ததாக நினைத்து எடுத்திருந்தார். எடுத்து, வழியில் அழிந்ததை மறுபடியும் கூட்டியிருந்தார்.

எனக்கு அது பட்டென்று தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அதே தவறை நான் செய்திருக்கிறேன். வெடியின் சத்தத்தில் ஜெனரேட்டர் சத்தத்தைக் கழிக்க வேண்டும். ஒரு சீசனில், ஏற்கெனவே கழித்து எழுதியிருந்த அளவில் நான் இன்னொரு முறை கழித்து, அதிகச் சத்தமுள்ள ஒரு லோடுக்குக் கையெழுத்துப் போட இருந்தேன். போர்மேன் பார்த்துத் தடுத்தார். அந்த வெட்கம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

மகளின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மூன்றாவது பத்தியை வைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலே தூக்கி நின்ற கடைசி இரண்டு புள்ளிகளும் இறங்கி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டன. அதிகக் கதிர் இல்லை. துகளுக்கு வேலை இல்லை.

மறுபடி போன் வந்தது. "அனுப்பிட்டியா?"

"இந்தா அனுப்புறேன்" என்றேன். அனுப்பினேன். வேறு எதுவும் சொல்லவில்லை. கிழித்த தாளை என் பைபிளுக்குள் வைத்தேன்.

சொல்லக் கூடாது என்று நான் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்றுதான் இருந்தேன். ஆனால் திங்கட்கிழமை வேனில் போகும்போது என் உடம்பில் வெகு நாளாக இல்லாத ஒரு சுகம் இருந்தது. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். அவருடைய பேராசிரியருக்கும் தெரியாது. டெஸ்டிங் ரூமில் பாடிக்கொண்டே வேலை செய்தேன். கூட இருந்த பெண் என்ன விசேஷம் என்று கேட்டாள்.

வியாழக்கிழமை அவர் எழுதியதை அச்செடுத்து என் முன்னால் வைத்தார். "நீ ஒரு தடவ பாத்துரு. நீ பாத்தா எனக்கு நிம்மதி."

"சீசன் நேரம். எனக்கு எங்க ஒழியுது" என்றேன்.

"மேலோட்டமாப் பாரு போதும்."

"வேலைக்குப் போறவளுக்கு மேலோட்டமாப் பாக்கக்கூட நேரமில்ல" என்று சொல்லி அந்தத் தாள்களின் மேல் என் டிபன் பாக்ஸை வைத்தேன். அவர் டிபன் பாக்ஸை நகர்த்தி, தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திர அறிவிப்புகள் வாசித்தபோது, ஆராய்ச்சியில் நல்ல முடிவு கிடைத்ததற்காக என்று அவர் பெயரையும் வாசித்தார்கள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன். மடியில் இருந்த பைபிளுக்குள் அந்தத் தாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கருத்தரங்கம். "நீயும் வா" என்று கூப்பிட்டார். லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். போகும் பஸ்ஸில் அவர் உதட்டுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தார். சொல்வதற்கு எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கள்ளிக்குடி வந்தபோது சொல்லலாம் என்று திரும்பினேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, காலர் மடங்கியிருக்கு" என்று சரிசெய்துவிட்டேன்.

அரங்கத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். அவர் நன்றாகவே பேசினார். முடிந்ததும் கேள்விகள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். என் வயதுதான் இருக்கும். காட்டன் சேலை, நரையை மறைக்காத குட்டை முடி. அன்று காலையில் அவரும் பேசியிருந்தார். கேள்வி கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்ன விதத்தை, யாருக்கும் பயப்படாத அந்த விதத்தை, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ரயிலில் நான் ஏறியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் மெதுவாக, மரியாதையாக, ஆங்கிலத்தில் கேட்டார். கடைசி மண்டலத்துக்கு எந்தப் பத்தியிலிருந்து எண்களை எடுத்தீர்கள்?

என் கணவருக்குக் கேள்வி புரியவில்லை. அட்டவணையைத் திரையில் கொண்டுவந்தார், முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேராசிரியர் முன்வரிசையில் இருந்தார், அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வகுப்பில் பார்ப்பாரே, அதே மாதிரி.

அந்தப் பெண் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தார். அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு வேகம் வந்தது. எழுந்தேன்.

"நான்காவது பத்தி. அது ஏற்கெனவே திருத்தியது. அதை மறுபடி திருத்தியிருக்கிறது. மூன்றாவதை எடுத்தால் கடைசி இரண்டு புள்ளிகளும் இறங்கிவிடும்" என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். "போட்டுப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது இருந்த பெருமை அதற்கு முன்போ பின்போ எனக்கு இருந்ததில்லை. பிறகுதான் மேடையைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தவறு நடந்தது அவருக்கு அப்போது இரண்டாம் பட்சம். எனக்கு முன்பே தெரியும் என்பது புரிந்துவிட்டது.

திரும்பும் பஸ் திருமங்கலத்தைத் தாண்டியது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"எப்பப் பாத்த?"

"நீங்க மதுரைக்குப் போனீகள்ல, பைல் கேட்டீகளே, அந்த ஞாயித்துக்கெழம."

"ஒம்பது நாளு."

"ஆமா."

"நா தாளக் கொண்டாந்து குடுத்தேன். சீசன்னு சொன்ன."

"ஆமா."

"ஏன்?"

பொய் எதுவும் சட்டென்று வரவில்லை. "பொறாமையா இருந்துச்சு" என்றேன்.

"எம் மேலயா?"

"வேற யாரு மேல."

முன் சீட்டில் ஒரு குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்தது. அவர் அதற்கு ஒரு சிரிப்பைக் காட்டினார். அது திரும்பிக்கொண்டது.

"அன்னைக்கே சொல்லிருந்தா ஒனக்கு நன்றி சொல்லிருப்பேன்" என்றார்.

"தெரியும். நன்றி சொல்லிட்டு நீங்க மேல போயிருப்பீக. நா இங்கனதான் இருப்பேன்." இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன். "ஸ்டேசன்ல எனக்கு வயித்துவலி இல்ல. பயந்துக்கிட்டுத்தான் போகல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒங்க அப்பா சொல்லிருக்காரு. ரயிலு போனப்பெறகு ஸ்டேசன் வாசல்ல மூணு வடை தின்னியாமே."

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கணவருக்கும் தெரிந்திருந்தது. எத்தனையோ சண்டைகளில் அதை எடுத்து வீசியிருக்கலாம், ஒரு நாளும் வீசவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அதற்கும் பொறாமைதான் வந்தது. நானாக இருந்தால் வீசியிருப்பேன்.

வீட்டில் பத்து நாள் அளவாகப் பேசினார். உப்பு வேணுமா, வேண்டாம். வேன் வந்துருச்சு, சரி. மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒளியியலை அவளாகவே படித்துக்கொண்டாள். ஒரு நாள் சாயந்திரம் அவர் வந்து, "அந்தத் தாளு இருக்கா?" என்று கேட்டார். பைபிளிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். "ரெண்டாவது பக்கம் ஒரு எடத்துல பெருக்கல் தப்பு" என்றார். பார்த்தேன், தப்புதான். முடிவை மாற்றாத சின்னத் தப்பு. அதைக் கண்டுபிடித்ததில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்துபோனது. இந்த நோய் எனக்கு மட்டும் இல்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மண்டலங்களையும் அவர் முதலிலிருந்து போட்டார். எதிலும் அதிகக் கதிர் இல்லை. பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. இல்லை என்பதும் முடிவுதான் என்றார். அப்படி ஒரு துகள் இருந்தாலும், அது ஒளியோடு கலப்பது இந்த அளவுக்கு மேல் இருக்க முடியாது என்று எல்லை கட்டி எழுதினார்கள். யார் கண்ணையும் கவராத ஒரு கட்டுரையாக அது வெளிவந்தது. அதை வைத்தே அவருக்குப் பட்டம் கிடைத்தது. இப்போது எங்கே பேசினாலும், பஸ் கதையைச் சொல்லும்போது, இது என் மனைவி சொன்னது என்கிறார். எல்லோரும் திரும்பி, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

போன மாதம் புதிதாக ஆறு மண்டலங்களின் எண்களை அச்செடுத்து, காலையில் என் கையில் கொடுத்தார். "பாத்துச் சொல்லு" என்றார். சற்று நின்று, "பாத்தா பாத்தேன்னு சொல்லிரு" என்றார். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் விரித்துப் பார்த்தேன். நான்காவது மண்டலத்தின் தொலைவை அவர் உறுதியானதாக எடுத்திருந்தார். மூலக் கட்டுரையைப் போனில் தேடிப் பார்த்தேன். அந்தத் தொலைவு யாருக்கும் சரியாகத் தெரியாது, குறைந்தபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. உடனே போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. மத்தியானம் முழுக்க வெடிகளைக் கொளுத்தி அளவெடுத்தேன், அந்த நினைப்பை வைத்துக்கொண்டே. சாயந்திரம் வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னேன்.